ஊர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

1. வேலைக்குச் சேர்ந்த விதம்

எனக்கு டேட்டாபேஸ் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. கட்டாரில் ஒரு கம்பனியின் டேட்டாபேஸ் இருந்த அறையில் ஏசியை இரண்டு வருடம் துடைத்தவன் நான். அந்த அறைக்குள் போக எனக்குத் தனியாக ஒரு கார்ட் கூடத் தந்திருந்தார்கள். கழுத்தில் அதைத் தொங்கவிட்டு எடுத்த போட்டோ ஒன்று நாட்டுக்கு வந்தது. அதைப் பார்த்த புத்தளத்து ஆட்கள் மிச்சத்தைத் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அதற்கு முன் நான் செய்த வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய நேரம், எங்கள் ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் இருந்தேன். பிறகு கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கினேன். உப்பளத்தில் வேலை செய்தேன். கருவாட்டு லொறியில் கொழும்புக்குப் போய்வந்தேன். ஒரு வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கட்டாரிலிருந்து வந்ததும் டவுனில் மூன்று மாத கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றுக்குப் போனேன். அங்கேதான் டேபிள் என்றால் மேசை மட்டுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ரஸீன் நானா (அண்ணனை நாங்கள் நானா என்போம்) டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். இரத்ததானச் சங்கம் ஒன்றுக்குச் செயலாளராகவும் இருந்தார். யாருக்காவது இரத்தம் தேவை என்றால் சங்கத்துக்குத்தான் போன் வரும். இரத்தம் கொடுக்கக்கூடிய ஆட்களின் பெயர்கள் நாலு தடித்த சீ.ஆர். கொப்பிகளில் கையால் எழுதப்பட்டு இருந்தன. ஒரு கொப்பியில் பெயின்ட் ஊற்றுப்பட்டு ‘ஏ பொசிட்டிவ்’ முழுக்கப் பச்சையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்களுக்கு டேட்டாபேஸ் தெரியுமாமே?”

“ஓம் நானா. கட்டாரில டேட்டாபேஸ் ரூமிலதான் வேல.”

“மாஷா அல்லாஹ். அப்ப எங்கட கொப்பிகளையும் அதுக்குள்ள போடுங்க.”

யுத்தம் முடிந்து மூன்று வருடம் இருக்கும். கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கதிரை, ஒரு பழைய கொம்பியூட்டர். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “ரிலேஷனல் நல்லதா, நோ-எஸ்.கியூ.எல். நல்லதா?” நான் இரண்டையும் அந்தக் கதிரையில் இருந்தே நாசமாக்கியிருக்கிறேன். அதனால் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

2. பாத்தி

முதலில் செய்தது ரிலேஷனல். கோர்ஸில் படித்தது அது ஒன்றுதான். ரிலேஷன் என்றால் சொந்தம் என்று அகராதியில் இருந்ததால், யாருக்கு யார் மச்சான் என்று எழுதி வைக்கிற விஷயம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். கோர்ஸில் படிப்பித்த சேர் வகுப்பிலேயே சிரித்தார். “ரிலேஷன் எண்டா டேபிள், தம்பி. மாமி மச்சான் இல்ல.”

உப்பளம் பார்த்தவர்களுக்கு ரிலேஷனலை விளங்கப்படுத்துவது லேசு. களப்பு என்கிற கடலேரியின் தண்ணீரை நேரே உப்புப் பாத்திக்குள் விடமாட்டோம். முதலில் பெரிய தேக்கத்தில் விட்டு, அங்கிருந்து அடுத்ததுக்கு, பிறகு அடுத்ததுக்கு என்று மடை திறந்து திறந்து விடுவோம். ஒவ்வொரு பாத்திக்கும் வரம்பு உண்டு. எந்தப் பாத்தியில் எந்தத் தண்ணீர் நிற்கலாம் என்று கணக்கு உண்டு. தப்பான தண்ணீர் வந்தால் மடை திறக்காது. ரிலேஷனல் டேட்டாபேஸும் இப்படித்தான். என்ன டேபிள், அதில் என்னென்ன கட்டம், எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டவேண்டும். போன் நம்பருக்குப் பத்து இலக்கம் என்றால் ஒன்பதை ஏற்காது. இரத்த வகைக்கு எட்டு வகை என்றால் ஒன்பதாவது வராது.

நான் மூன்று டேபிள் கட்டினேன். ஆள், இரத்த வகை, ஊர். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரையும், இந்தப் பக்கம் வண்ணாத்திவில்லு வரையும் உள்ள எல்லா ஊர்களையும் ஊர் டேபிளில் போட்டேன். அந்தப் பட்டியலில் இல்லாத ஊரை ஆளுக்கு எழுத முடியாது. இதற்கு ஃபொரின் கீ என்று பெயர். நானே எழுதிய முதல் ஃபொரின் கீ. அன்று பின்னேரம் எனக்கு நானே ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினேன்.

அடுத்த ஞாயிறு கரைத்தீவில் இரத்ததான முகாம். வடக்கிலிருந்து வந்த சனம் நிறைய இருக்கிற பகுதி. மதரஸா மண்டபத்தில் இரவல் வாங்கிய மடிக்கணினியோடு நான் இருந்தேன். முதல் ஆள் வந்தார். பெயர், வயது, போன் எல்லாம் சரி.

“ஊர்?”

“மறிச்சுக்கட்டி.”

தட்டினேன். வடக்கில் அவர் விட்டு வந்த ஊர் என்னுடைய பட்டியலில் இல்லை. மெஷின் ‘டிங்’ என்று கத்தியது. ஏற்கவில்லை.

“வேற ஊர் சொல்லுங்க.”

“வேற ஊர் எண்டா?”

“இந்தப் பக்கத்து ஊர் ஏதாவது.”

அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “தம்பி, ஊர எப்படி வேற சொல்றது? நாளைக்கு வாப்பாட பேரக் கேட்டு மெஷின் ஏத்துக்கொள்ளாட்டி வேற வாப்பா சொல்லவா?”

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. அடுத்தவர் முசலி. அதற்கடுத்தவர் எருக்கலம்பிட்டி. மத்தியானத்துக்குள் மெஷின் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்: “கத்துறது மெஷினா, உள்ளுக்குப் பல்லி ஏதும் இருக்கா?” கடைசியில் எல்லாரையும் பழையபடி கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்.

பிழை எங்கே என்று அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏனென்றால், முதல் ஆளாக என்னுடைய பெயரைப் பதிந்தபோது எருக்கலம்பிட்டி என்று தட்டி, மெஷின் கத்தியதும், ‘சரி, பிறகு பார்ப்போம்’ என்று விட்டவன் நானே.

3. களப்பு

கொழும்பில் பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியில் இருந்தது இதுதான்: டேபிளே வேண்டாம். வரம்பு வேண்டாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு டொக்யுமென்ட். அதற்குள் என்னவும் போடலாம். ஒருவருக்கு ஐந்து விஷயம், இன்னொருவருக்கு பதினைந்து. யாரும் கத்தமாட்டார்கள். நோ-எஸ்.கியூ.எல். என்று சொன்னார்கள்.

எனக்காகவே எழுதியது போல இருந்தது. விதி இல்லாமல் வாழ்ந்தவனுக்கு விதி இல்லாத டேட்டாபேஸ்.

ரஸீன் நானாவிடம் போய், பழைய முறையை உலகமே விட்டுவிட்டது என்று சொன்னேன். உலகத்தில் நான் பார்த்தது கட்டாரில் ஒரு அறை மட்டும்.

“அப்ப மறிச்சுக்கட்டி எண்டு எழுதலாமா?”

“எழுதலாம் நானா. மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்தில பனை மரம் எண்டும் எழுதலாம்.”

இது களப்பு. மீனும் வரும், பாசியும் வரும், பொலித்தீன் பையும் வரும். ஒன்றையும் தடுக்காது. சங்கத்துப் பொடியன்கள் ஐந்தாறு பேர் முகாம்களில் தங்கள் தங்கள் போனில் தட்டினார்கள். எல்லாம் உள்ளே போனது. ஒரு சத்தமும் இல்லை. நான் பெருமையாக இருந்தேன். ஆறு மாதத்தில் அறுநூறு ஆளுக்கு மேல் சேர்ந்தது. ரஸீன் நானா பள்ளிவாசலில் ஆட்களைக் கூட்டி வைத்து என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

4. மறிச்சுக்கட்டி பஸ்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அன்வர் கடைக்கு வந்தான். உப்பளத்தில் என்னோடு வேலை செய்தவன். சப்பாத்து இல்லை, காலில் உப்புத் தூள் அப்படியே இருந்தது. அவனுடைய மனைவி பஸீலா பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில்.

“மச்சான், நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்காம். வியாழக்கிழம ஒப்பரேஷன். இரத்தம் நிறையப் போகலாமாம். அவளுக்கு ஓ நெகட்டிவ். ரெண்டு ஆள் புதன் மத்தியானத்துக்குள்ள வந்து குடுத்தாத்தான் டெஸ்ட் பண்ணி எடுத்து வைக்கலாம் எண்டு சொல்றாங்க.”

“நீ போய் அவளோட இரு. ரெண்டு ஆள் நான் எடுத்துத் தாறன்.”

“ஆள் இருக்கா?”

“அறுநூறு பேர் இருக்கு மச்சான். டேட்டாபேஸ் எண்டா என்ன எண்டு நினைச்சாய்?”

அவன் போனதும் உட்கார்ந்து தேடினேன். ஊர் புத்தளம், வகை ‘O-’. விடை: சைபர். கற்பிட்டி, சைபர். கரைத்தீவு, சைபர். வண்ணாத்திவில்லு, சைபர்.

ஊரை விட்டுவிட்டு வகையை மட்டும் தேடினேன். அப்போதும் சைபர். ஒவ்வொரு டொக்யுமென்டாகத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு பொடியன் ‘ஓ நெகட்டிவ்’ என்று தமிழில் தட்டியிருக்கிறான். இன்னொருவன் ‘O neg’. இன்னொருவன் ஆங்கில ஓவுக்குப் பதிலாக சைபரைத் தட்டியிருக்கிறான். ஒருவன் ‘அபூர்வ வகை’ என்று எழுதி முடித்துவிட்டான். கட்டத்தின் பெயரும் அப்படித்தான். ‘வகை’, ‘இரத்தம்’, ‘குரூப்’, ‘குறூப்’. அன்று காலை ஒரே எழுத்தைப் பத்துப் பதினொரு விதமாகத் தட்டினேன். களப்பில் கொட்டிய தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித் தேடுவது போல.

கடைசியில் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். ஒருவர் போன மாதம்தான் இரத்தம் கொடுத்தவர், இப்போது திரும்பக் கொடுக்க முடியாது. மூன்றாவது ஆள் எம்.எம். சாபி. ஊர்: மறிச்சுக்கட்டி. போன் நம்பரை எண்ணினேன். ஒன்பது இலக்கம். பழைய பாத்தியாக இருந்திருந்தால் அந்த நம்பரை உள்ளே விட்டிருக்காது. என்னுடைய களப்பு சலாம் சொல்லி ஏற்றுக்கொண்டது.

அந்த நாட்களில் கொஞ்சம் பேர் வடக்குக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாபியும் போயிருப்பார் என்று முடிவெடுத்தேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் டேட்டாபேஸ் வைத்திருக்கிறவன் ரோட்டில் நின்று ஆள் விசாரிக்கலாமா? ஒன்பது மணிக்குக் காட்டு ரோட்டால் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் கரைத்தீவுக்குத் திரும்பும் சந்தியில் நின்றது. ஆட்களை ஏற்றியது. எலுவன்குளம் தாண்டிக் காட்டுக்குள் போனது. ஜன்னல் கண்ணாடி இல்லை. சிவப்புத் தூசியில் குளித்துக்கொண்டு, பஸீலாவுக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இருந்தேன். மத்தியானம் மறிச்சுக்கட்டியில் இறங்கினேன். புதுத் தகரக் கூரைகள் சில, பற்றை வெட்டிய நிலம், ஒரு சின்னக் கடை. கடையில் இருந்தவரிடம் கேட்டேன்.

“சாபி எண்டு ஒராள்?”

“எந்த சாபி? டிரக்டர் சாபியா, மாஸ்டர் சாபியா?”

டேட்டாபேஸில் அது இல்லை.

“ஓ நெகட்டிவ் சாபி.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிரக்டர் சாபியைக் கூப்பிட்டார். டிரக்டர் திருத்திய எண்ணெய்க் கையோடு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“என்ட பி பொசிட்டிவ், தம்பி. இவ்வளவு தூரம் வந்திட்டீங்க, வேணுமெண்டா அதயாவது கொண்டு போங்க.”

“மாஸ்டர் சாபி எங்க இருக்கிறாரு?”

“அவன் கரைத்தீவிலதான்! மதரஸாவுக்குப் பின்னால டியூஷன் குடுக்கிறான். இங்க வந்து காணியப் பாத்திட்டு, தண்ணியில்ல எண்டு அடுத்த பஸ்ஸிலேயே போன ஆள் அவன். நீங்க எங்கயிருந்து வாறீங்க?”

“புத்தளத்திலயிருந்து.”

கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பதை நான் பார்க்கக்கூடாது என்ற மரியாதை.

5. மாஸ்டர் சாபி

அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. டிரக்டர் சாபி தன்னுடைய டிரக்டர் பின்னால் இழுக்கிற பெட்டியின் மேலே என்னை ஏற்றிவிட்டார். அங்கே நின்றால் இரண்டு கோடு வரும். மாஸ்டர் சாபியின் சரியான நம்பரை அவரே தந்தார்.

“சேர், சங்கத்திலயிருந்து கதைக்கிறன். நீங்க உங்கட ஊர் மறிச்சுக்கட்டி எண்டு எழுதியிருக்கிறீங்க.”

“ஓம், அதுதானே என்ட ஊர்.”

“ஆனா நீங்க கரைத்தீவிலயெல்லோ இருக்கிறீங்க.”

“இருபத்திரெண்டு வருஷமா இருக்கிறன். ஊர் எதெண்டு கேட்டாங்க, சொன்னன். இருக்கிறது எங்கயெண்டு ஒருத்தரும் கேக்கல்லையே.”

விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, காலையில் வருகிறேன் என்றார்.

“இன்னும் ஒராள் வேணும் சேர். யாரும் தெரியுமா?”

“என்ட தங்கச்சி ஸாஹிரா இருக்கிறா. அவவும் ஓ நெகட்டிவ்தான். புள்ள வயித்தில இருக்கக்குள்ள கிளினிக்கில பாத்தது.”

“அவட பேர் எங்கட லிஸ்டில இல்லையே.”

“பொம்பிளயள நீங்க எப்ப கேட்டீங்க?”

அதுவும் சரி. முகாம் வைத்த இடமெல்லாம் ஆண்கள் வரிசை. பெண்களைக் கேட்க யாரும் நினைக்கவில்லை. அதோடு, ஒரு ஆளுக்கு அபூர்வ வகை என்றால் அவருடைய கூடப்பிறந்தவர்களிடம் முதலில் தேடவேண்டும் என்பது ஆஸ்பத்திரித் தாதிக்குத் தெரியும், சாபிக்குத் தெரியும். ரிலேஷனல் என்று பெயர் வைத்துக்கொண்டு கட்டியபோதும் சரி, எதையும் போடலாம் என்று கொட்டியபோதும் சரி, யாருக்கு யார் தங்கச்சி என்று ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை. சேர் வகுப்பில் சிரித்தது என் மூளையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

புதன் காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அன்வரும் நானும் நின்றோம். ஸாஹிரா கணவனின் த்ரீவீலில் வந்து இறங்கினா. என்னுடைய சட்டைக் கொலரில் சிவப்புத் தூசி இன்னும் இருந்தது. அவ அதைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

“நீங்கதானா எங்கட நானாவத் தேடி மறிச்சுக்கட்டிக்குப் போன ஆள்?”

“ஓம் தங்கச்சி.”

“அப்ப எங்கட கிணறு இன்னும் இருக்கா? நானாட்ட கேட்டா சொல்றாரில்ல.”

பரிகாசம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பரிகாசம் இல்லை. பார்க்கவில்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனா.

ஸாஹிராவுக்கு எல்லாம் சரி. மாஸ்டர் சாபிக்கு பிரஷர் அதிகமாகக் காட்டியது. தாதி தலையை ஆட்டினா. “இப்பிடி இருந்தா எடுக்க ஏலாது.” அன்வரின் முகம் உப்புப் போல வெளுத்துவிட்டது. சாபி சைக்கிளில் அவசரமாக மிதித்து வந்தாராம். அரை மணித்தியாலம் உட்காரச் சொன்னார்கள். அன்வர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “சேர், கதைக்காதீங்க, யோசிக்காதீங்க” என்று மூன்று தரம் சொன்னான். இவன் சொல்கிற விதத்திலேயே பிரஷர் ஏறும் என்று அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது தரம் பார்த்தபோது சரியாக இருந்தது. பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்க இரண்டு பையும் உள்ளே போனது.

வியாழன் பத்தரைக்கு அன்வரின் போன். முதலில் அழுகைச் சத்தம்தான் வந்தது.

“மச்சான், பொம்பிளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். ரெண்டு பேக்கும் ஏத்தினதாம். ரெண்டும் முடிஞ்சுதாம்.”



6. இரண்டில் எது நல்லது

ரஸீன் நானாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏசி துடைத்த கதையையும் சேர்த்துத்தான். அவர் சீமெந்து மூட்டைகளை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:

“எனக்குத் தெரியும். கட்டாரில என்ட மருமகனும் அதே பில்டிங்கிலதானே.”

“அப்ப ஏன் நானா எனக்கு வேல தந்தீங்க?”

“வேற ஒருத்தரும் வரல்ல.”

பிறகு செய்தது இதுதான். இரத்த வகைக்கும் போன் நம்பருக்கும் திரும்பவும் பாத்தி கட்டினேன். பிழை வந்தால் கத்தவேண்டிய இடங்கள் அவை. கத்துகிற மெஷினைத் திட்டாதீர்கள். கத்தாத மெஷின் உங்களைக் காட்டுக்குள் அனுப்பும். மனிதர்கள் தங்கள் வாயால் சொல்கிற விஷயங்களுக்கு, அவர்கள் சொல்கிறபடியே எழுதத் திறந்த இடம் விட்டேன். சொந்தக்காரருக்குத் தனி டேபிள் வைத்தேன். பெண்களுக்கு முகாம் நடத்த ஸாஹிராவே பொறுப்பெடுத்தா. எந்த டேட்டாபேஸ் என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் கேட்கிற கேள்வியை எதிரில் இருப்பவர் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டினால் பாத்தியும் வீண், களப்பும் வீண்.

‘ஊர்’ என்ற கட்டத்தை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே ‘இப்போது இருக்கும் இடம்’ என்று இன்னொன்றை வைத்தேன். காலியாக விட முடியாது என்று விதியும் எழுதினேன். அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் போன் எடுத்துக் கேட்டோம். ஒரு ஆள் திட்டினார்: “இருபத்திரெண்டு வருஷத்துக்கு உங்கட பாஷையில ‘இப்ப’ எண்டா சொல்றது?” இன்னொருவர் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, மெதுவாக, “கற்பிட்டி எண்டு போடுங்க” என்றார்.

எல்லாருடையதும் முடிந்தபோது மிஞ்சியிருந்தது என்னுடையது. ஊர் என்ற கட்டத்தில் எருக்கலம்பிட்டி. மெஷின் கத்தவில்லை. கீழே ‘இப்போது இருக்கும் இடம்’. இது வரைக்கும் எந்த இடத்தையும் நான் இருக்கும் இடம் என்று சொன்னதில்லை. காலியாக விட்டு ‘சேவ்’ அமத்திப் பார்த்தேன். ஏற்கவில்லை. விதியை அழிக்கலாம், எழுதியவன் நான்தான். ஆனால் அழித்தால், என்றாவது ஒரு நாள் என்னுடைய இரத்தம் தேவைப்படுகிறவருக்காக யாரோ ஒருவர் அந்தக் காட்டு பஸ்ஸில் ஏறி, தூசி குடித்து, எருக்கலம்பிட்டி வரைக்கும் போய் என்னை விசாரிப்பார்.

புத்தளம் என்று தட்டினேன்.